மறந்துபோச்சுன்னு சொன்னா லைன் கிடைக்கும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். நோட்டுல ஒரு பேருக்கு நேரா இருக்குற நம்பரை அடிச்சுட்டு, பக்கத்துல வேற நம்பரை எழுதணும்.

அரை நிமிஷ வேலை. அதை ஒழுங்காச் செஞ்சு முடிச்சதுனாலதான் என் வேலையே போகப் பாத்துச்சு!

எண்பதுகளோட ஆரம்பம் அது. காரைக்காலுக்கும் அம்பகரத்தூருக்கும் நடுவுல ஒரு ஊரு. பேரைச் சொல்ல மாட்டேன், அங்க இன்னும் ரெண்டு மூணு பேரு என்மேல கோவமாத்தான் இருக்காங்க. அந்த ஊரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல நான் ஆபரேட்டர். எக்ஸ்சேஞ்சுன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு ரூம்பு, ஒரு போர்டு, ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணி ஒரு பானை. மொத்தமே நாப்பது சொச்சம் லைன்.

யாராவது போனை எடுத்தா, போர்டுல அவங்க நம்பருக்கு மேல ஒரு சின்ன மூடி 'டக்'குனு விழும். நான் ஒயரைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்"ம்பேன். முறைப்படி அவங்க நம்பரைச் சொல்லணும்.

யாரு சொன்னாங்க!

"யம்மாடி, மில்லைக் குடு."

"பாப்பா, அந்தப் பல்லு புடுங்குறவரு வீட்டுக்குப் போடு."

"நேத்து சாயங்காலம் ஒருத்தருக்குப் போட்டுக் குடுத்தியே, அவரையே குடு."

அதுலயும் பாதிப் பேருக்குச் சொந்தமா போனே கிடையாது. எல்லாம் பி.பி. நம்பர்தான். அதாவது, அடுத்தவங்க போன். நாம பக்கத்துக் கடைக்குப் போன் போட்டா, கடைக்காரர் ரோட்டுக்கு வந்து அந்த ஆளை சத்தம் போட்டுக் கூப்பிடுவாரு. யாருக்கு எந்தக் கடை, யாருக்கு எந்த வீடுங்கறதெல்லாம் என்கிட்ட இருந்த ஒரு நீள நோட்டுல இருக்கும். பேரைச் சொன்னா நம்பரு. ஊரே அந்த நோட்டை நம்பித்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு.

இதை இப்ப ஏன் சொல்றேன்னா, என் மக பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கா. போன வாரம் வந்தப்ப, "நீ அப்படி என்னதான்டி வேலை பாக்குற?"ன்னு கேட்டேன்.

"டி.என்.எஸ்.னு ஒண்ணு இருக்கும்மா. இன்டர்நெட்டுல ஜனங்க ஒரு பேரை அடிச்சா, அது நம்பரை எடுத்துக் குடுக்கும். திருட்டுப் பசங்க அதைத் தாக்குவாங்க. பேருக்கு நேரா பொய் நம்பரை ஏத்திருவாங்க. இல்லன்னா லட்சம் பேரு ஒரே நேரத்துல கேக்குற மாதிரி கேட்டு மூச்சு முட்ட வைப்பாங்க. என்ன பண்ணுனாலும் அது படுக்காம நிக்கணும். அதைப் பாத்துக்குறதுதான் என் வேலை"ன்னா.

"அடியே, அது நான்தான்டி!"ன்னேன்.

அவ நம்பல. நீங்களாவது நம்புங்க.

அப்ப நான் டெம்பரரி. பாண்டிச்சேரிலேருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து, என் வேலையைப் பாத்து, நல்லவிதமா ரிப்போர்ட்டு எழுதுனாத்தான் பெர்மனெண்டு. அந்த மாசத்துல எப்ப வேணா வருவாரு, முன்கூட்டிச் சொல்ல மாட்டாரு. எங்கப்பா வீட்டுல கறாரா சொல்லிட்டாரு: "இது ஆகலைன்னா ஒழுங்கா தையல் கத்துக்க." எனக்கு ஊசில நூல் கோக்கவே வராது! அந்த பயம் ஒண்ணு போதாதா?

ஆடி பொறந்த மறுநாள் காலையில ஒரு குரல்.

"யம்மா, நான் மைக்செட் கலியபெருமாள் பேசுறேன். இனிமே எனக்குப் போன் வந்தா டீக்கடைக்குப் போடாத. உரக்கடைக்குப் போட்டுரு."

"சரிங்கண்ணே!"

அடிச்சேன். எழுதுனேன். அழகான கையெழுத்துல வேற எழுதுனேன்.

ஒரு கேள்வி கேட்டேனா? கேக்கல. குரல் கொஞ்சம் கரகரன்னுதான் இருந்துச்சு. மைக்செட்டுக்காரருக்குத் தொண்டை கட்டுறது சகஜம்தானேன்னு, அதுக்குக் காரணத்தையும் நானே கண்டுபுடிச்சு வச்சுக்கிட்டேன்.

பத்து நாள் கழிச்சு கலியபெருமாள் நேர்லயே வந்துட்டாரு. ஆளு ஒல்லி. ஆனா மைக் இல்லாமப் பேசுனாலே பக்கத்து ஊரு வரிச்சிக்குடிக்குக் கேக்கும்.

"ஏம்மா! ஆடி மாசம், ஊரு பூரா தீமிதி, பால்குடம். எனக்கு ஒரு புக்கிங்கூட வரலியே! சும்மா கெடக்கேன்னு என் குழாய்க்குள்ள குருவி கூடு கட்டிருச்சும்மா!"

"போனெல்லாம் வந்துச்சேண்ணே. எல்லாத்தையும் உரக்கடைக்குத்தானே போட்டேன்?"

"உரக்கடைக்கா? எதுக்கு?"

"நீங்கதானே மாத்தச் சொன்னீங்க?"

"நானா? அது பக்கிரிசாமியோட மச்சான் கடையாச்சே!"

பக்கிரிசாமின்னா, ஊர்ல இருந்த இன்னொரு மைக்செட்டு. கலியபெருமாள்னு பேரைச் சொல்லி என்கிட்ட பேசுனது பக்கிரிசாமி! மைக்செட்டு வேணும்னு வந்த போன் அத்தனைக்கும், "கலியபெருமாளுக்குக் காய்ச்சல், நான் செட்டு கொண்டாறேன்"னு இவரு கிளம்பிப் போயிருக்காரு.

"அதிகாரி வர்றாராமே? வரட்டும்"னாரு கலியபெருமாள். "மைக்கைப் போட்டே சொல்றேன்."

"அண்ணே, அண்ணே! ஒரு வாரம் குடுங்கண்ணே. இனிமே ஒரு ஈ காக்காகூட உள்ள நுழைய முடியாம பண்ணிடுறேன்."

பண்ணேன். அதுதான் பிரச்சினையே.

ராத்திரி பூரா யோசிச்சு ஒரு திட்டம் போட்டேன். ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரகசியச் சொல்லு. அதைச் சொன்னாத்தான் நம்பரை மாத்துவேன். இதோட நிறுத்தியிருக்கலாம். நமக்குத்தான் எதையும் அளவாச் செய்ய வராதே! சும்மா ஒரு லைன் கேட்டாக்கூட ரகசியச் சொல்லைச் சொல்லணும்னு சட்டம் போட்டுட்டேன்.

நோட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயி எழுதிக்கிட்டேன். மில்லு நடராஜன் மாமா, அவரு மாட்டு நினைவா 'மயிலைக்காளை'ன்னாரு. நல்ல சொல்லு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குற சோமசுந்தரம் ஐயா 'போன்ஜூர்'னாரு. பிரெஞ்சுல வணக்கம்னு அர்த்தம்.

"ஐயா, அது எப்படி ரகசியம் ஆகும்? ரோட்டுல எருமை எதிர்க்க வந்தாக்கூட நீங்க அதைத்தானே சொல்றீங்க?"

"அது மரியாதை. இது ரகசியம். ரெண்டும் வேற"ன்னுட்டாரு.

டீக்கடைக்காரர் பெருமையா தன் பேரையே குடுத்தாரு. தண்டபாணி. சரின்னு எழுதிக்கிட்டேன். அங்கதான் எனக்குப் புத்தி வேலை செய்யல.

மறுநாள் காலையில முதல் மூடி விழுந்துச்சு. டீக்கடை. பேசுனது அவரு சம்சாரம்.

"பாப்பா, பால்காரருக்குப் போடு. இன்னும் பாலு வரல."

"ரகசியச் சொல்லு சொல்லுங்கக்கா."

"என்ன சொல்லு?"

"உங்க வீட்டுக்காரரு பேருதான்க்கா."

"அய்யோ! அதை நான் எப்படிச் சொல்வேன்?"

"சொன்னாத்தான் லைன்."

"பழனிமலையில நிக்கிறாருல்ல, அவரு பேரு."

"முருகனா?"

"முருகன்தான், ஆனா முருகன் இல்ல."

"சொல்லா சொல்லுங்கக்கா."

"கையில கோலு வச்சிருப்பாருல்ல. கோவணம் கட்டியிருப்பாரு. போதுமா?"

எனக்கா தெரியாது? தெரியும்! ஆனா சட்டம் சட்டம்தானே? அந்தக்கா கடைசில போனைக் கீழ வச்சுட்டு ரோட்டுக்குப் போயி, வேற யாரையோ கூட்டியாந்து சொல்ல வச்சுச்சு. அதுக்குள்ள கடைக்கு வந்த கூட்டம் அம்புட்டும் கறுப்பு டீ குடிச்சுட்டுப் போயிருச்சாம்.

இந்தக் கதை நடந்துக்கிட்டு இருக்கையிலேயே போர்டுல டக், டக், டக்! ஒரே நேரத்துல பத்துப் பன்னெண்டு மூடி. எல்லாரும் ஒரே கேள்வி.

"யம்மா, என் சொல்லு என்ன?"

"நான் குடுத்தது மாமரமா, மாங்காயா?"

"என் மருமவ என்ன சொல்லிக் குடுத்தான்னு பாத்துச் சொல்லு. அவளைக் கேக்க எனக்கு இஷ்டம் இல்ல."

மக சொன்னாளே, எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டு மூச்சு முட்ட வைப்பாங்கன்னு? அதுக்குத் திருட்டுப் பசங்கல்லாம் தேவையே இல்லீங்க. என் ஊரு ஜனமே போதும். உண்மையா அவசரமா பேச வேண்டியவங்க லைன் கிடைக்காம சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

மத்தியானம் வரைக்கும் பாத்தேன். பாவமா இருந்துச்சு. என்ன பண்ணேன் தெரியுமா? மறந்துபோச்சுன்னு சொன்னவங்களுக்கு நானே நோட்டைப் பாத்து சொல்லை எடுத்துச் சொன்னேன். சொல்லிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க"ம்பேன். அவங்க திருப்பிச் சொல்லுவாங்க. "கரெக்ட்!"னு பாராட்டி லைன் குடுப்பேன்.

இதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல. சத்தியமா தெரியல. கூட்டமும் குறைஞ்சுது, ரகசியமும் இருக்குன்னு அப்படி ஒரு திருப்தி!

மூணாம் நாள். பதினோரு மணி இருக்கும். உரக்கடை மூடி விழுந்துச்சு.

எதிரிக் கூடாரம்! நிமிந்து உக்காந்துக்கிட்டேன்.

"யம்மா, நான் பாண்டிச்சேரி ஆபீஸ்லேருந்து வந்திருக்கேன். உங்க எக்ஸ்சேஞ்சுக்குத்தான் இன்ஸ்பெக்‌ஷன். ஜீப்பு வழியில நின்னுபோச்சு. காரைக்கால் ஒர்க்ஷாப்புக்கு ஒரு லைன் குடு."

"ரகசியச் சொல்லு சொல்லுங்க."

"என்னது?"

"ரகசியச் சொல்லு."

"நான் உன் மேலதிகாரிம்மா."

எனக்குச் சிரிப்பே வந்துருச்சு.

"ஏண்ணே, அன்னைக்குக் கலியபெருமாள், இன்னைக்கு அதிகாரியா? நாளைக்குக் கவர்னரா வருவீங்களா? குரலை மாத்துனா எனக்குத் தெரியாதா, பக்கிரிசாமிண்ணே?"

"யாரு பக்கிரிசாமி?"

"நடிப்பைப் பாரு!"ன்னு ஒயரை உருவிட்டேன்.

மறுபடி விழுந்துச்சு. மறுபடி உருவினேன். மூணாவது தடவை அவரு ஆரம்பிக்கும்போதே, "வெக்கமா இல்ல?"ன்னு கேட்டு வச்சுட்டேன். கையைத் தட்டித் தூசியை உதறிக்கிட்டு ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். அப்பா மட்டும் இதைப் பாத்திருந்தா தையல்னு வாயெடுப்பாரா?

அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே உரக்கடை மூடி.

"யம்மா, நான் மில்லு நடராஜன் பேசுறேன். உரம் வாங்க வந்தேன்."

"சொல்லுங்க மாமா! ரகசியச் சொல்லு?"

"அது மறந்துபோச்சும்மா."

"அட, அதுக்கென்ன மாமா! மயிலைக்காளை. எங்க, சொல்லுங்க பாப்போம்?"

"மயிலைக்காளை."

"கரெக்ட்! எந்த ஊரு வேணும்?"

"காரைக்கால். ஜீப்பு ஒர்க்ஷாப்பு."

ஒயரைச் சொருகி லைன் குடுத்தேன். குடுத்துட்டு ஒரு ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் எனக்குள்ள ஏதோ இடிச்சுது. நடராஜன் மாமாகிட்ட ஏது ஜீப்பு? அவருகிட்ட இருக்குறது மாட்டு வண்டியாச்சே!

சரி, யாருக்காவது உதவி பண்றாரா இருக்கும்னு அதுக்கும் நானே காரணம் கண்டுபுடிச்சேன். இந்தத் திறமை மட்டும் எனக்கு எப்பவும் குறைஞ்சதில்ல.

அரை மணி நேரத்துல வாசல்ல மாட்டு வண்டி வந்து நின்னுச்சு. பக்கிரிசாமியோட மைக்செட்டு வண்டி. நாலு குழாய், ரெண்டு பெட்டி, நடுவுல வெள்ளைச் சட்டை போட்டு ஒரு பெரிய மனுஷன். விழுந்துராம இருக்க மடியில ஒரு குழாயைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. முன்னாடி மாட்டை ஓட்டிக்கிட்டுப் பக்கிரிசாமி. என்னைப் பாத்து மரியாதையா ஒரு கும்பிடு வேற.

மாட்டை ஓட்டுறது பக்கிரிசாமின்னா, போன்ல அதிகாரின்னு சொன்னது மடியில குழாயோட உக்காந்திருக்குற இவரு! ரெண்டும் ரெண்டு ஆளு.

அந்தப் பெரியவரு உள்ள வந்தாரு. நாற்காலில உக்காந்தாரு. பானையிலேருந்து அவரே தண்ணி மொண்டு குடிச்சாரு. வாயைத் திறக்கப் போனாரு.

வெளில 'கொய்ங்'னு ஒரு சத்தம்.

"ஹலோ! ஹலோ! மைக் டெஸ்டிங்! பாண்டிச்சேரியிலிருந்து வருகை தந்திருக்கும் பெரிய அதிகாரி அவர்களே!"

கலியபெருமாள்! சொன்ன மாதிரியே மைக்கைப் போட்டுட்டாரு! டீக்கடை மேல குழாயைக் கட்டி, பக்கிரிசாமி பேரு மாத்துனது, நான் நம்பர் மாத்துனது, ரகசியச் சொல்லு, கறுப்பு டீ, குருவிக் கூடு ஒண்ணு விடாம எடுத்து விட்டாரு. ஊரே கேட்டுச்சு. அதிகாரி கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கேட்டாரு.

அவரு முடிச்சதும் அதிகாரி மெதுவா என்கிட்ட சொன்னாரு:

"நான் உண்மையைச் சொன்னேன். மூணு தடவை வச்சுட்ட. அந்தக் கடையில உக்காந்திருந்த இந்த பக்கிரிசாமி, 'உண்மையைச் சொன்னா லைன் கிடைக்காது சார், மில்லு நடராஜன்னு சொல்லுங்க, சொல்லு மறந்துபோச்சுன்னு சொல்லுங்க'ன்னாரு. பொய் சொன்னேன். ரகசியச் சொல்லையும் நீயே குடுத்து, கரெக்ட்னு பாராட்டி, மாமான்னும் கூப்பிட்ட."

எனக்கு அழுகைதான் வந்துச்சு. கண்ணு முன்னாடி ஊசியும் நூலும் தெரிஞ்சுது.

அவரு ரிப்போர்ட்டு எழுத ஆரம்பிச்சாரு. எழுதுனதை எனக்குப் படிச்சும் காட்டுனாரு: "இப்பெண் உண்மையான நபர்களிடமிருந்து இணைப்பகத்தை மிகச் சிறப்பாகப் பாதுகாத்து வருகிறார்."

அப்புறம் பேனாவை மூடிட்டு, "இன்னும் மூணு மாசம் டைம் தரேன்"னாரு. "சொல்லும் வேண்டாம், கில்லும் வேண்டாம். யாராவது நம்பரை மாத்தச் சொன்னா, சரின்னு போனை வை. நோட்டுல இருக்குற பழைய நம்பருக்கு நீயா போட்டு, மாத்தச் சொன்னது அவங்கதானான்னு கேளு. அவ்வளவுதான்."

அம்புட்டுதானா! டீக்கடைக்கு ஒரு தடவை போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நான் ஊரையே பள்ளிக்கூடம் ஆக்கிட்டேன்.

"இந்த நோட்டு ஒண்ணுதான் இருக்கா?"ன்னாரு.

"ஆமா சார்."

"தண்ணிப் பானைக்குப் பக்கத்துலயா வப்பாங்க? இன்னொண்ணு எழுதி வேற எடத்துல வை. ரெண்டையும் ஒண்ணா மாத்து."

கிளம்பும்போது, "ஏதாவதுன்னா கூப்பிடு"ன்னு அவரு ஆபீஸ் நம்பரை என் நோட்டுல அவரே எழுதிட்டுப் போனாரு. பக்கிரிசாமிக்கும் கலியபெருமாளுக்கும் பஞ்சாயத்து டீக்கடையிலயே முடிஞ்சுது. மிச்ச ஆடி பூரா பக்கிரிசாமி என்கிட்ட போன்ல பேசவே இல்ல. பேசுனா குரலைக் கண்டுபுடிச்சுருவேனாம்.

மூணு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் மத்தியானம் பாண்டிச்சேரிலேருந்து போன்.

"யம்மா, நான்தான் பேசுறேன். உனக்கு ஆர்டர் ஆயிருச்சு. நீ பெர்மனெண்டு!"

குதிக்கணும் போல இருந்துச்சு. அப்பாகிட்ட ஓடணும் போல இருந்துச்சு. ஆனா இதுவும் ஒரு மாத்தம்தானே?

"சரிங்க சார்"னு சொல்லி வச்சுட்டேன்.

நோட்டை எடுத்தேன். அவரு எழுதுன நம்பருக்கு டிரங்க் கால் பதிவு பண்ணேன். வெளியூர் லைன் கிடைக்க முக்கா மணி நேரம்! அந்த முக்கா மணி நேரம் நான் பெர்மனெண்டா டெம்பரரியான்னு எனக்கே தெரியாது. ஒரு பானைத் தண்ணியும் காலி.

லைன் கிடைச்சுது.

"சார், இப்ப என்கிட்ட பேசுனது நீங்கதானா?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"நான்தாம்மா. நீ திருப்பிக் கூப்பிடாம இருந்திருந்தா ஆர்டரைக் கிழிச்சிருப்பேன்."

ஹெட்போனைக் கழட்டாமலே அழுதேன்.

இந்தக் கதையை முழுசா மககிட்ட சொல்லி முடிச்சேன். பாராட்டப் போறான்னு பாத்தா, "அம்மா, அந்த நம்பரை நோட்டுல எழுதுனது யாரு?"ன்னா.

"அவருதான்டி. அன்னைக்கு வந்தப்ப எழுதுனாரு."

"மைக்செட்டு வண்டில வந்தவரு அதிகாரிதான்னு உனக்கு எப்படித் தெரியும்? அடையாள அட்டை கேட்டியா?"

மாசாமாசம் பென்ஷன் வருது. அவராத்தான் இருக்கும்.